பொன்னெழுத்து எந்தத் தாளில் நிற்கும்?

திருமண அழைப்பிதழ் அடிக்கப் போகிறவர்கள் ஆல்பத்தைப் புரட்டும்போது முதலில் பார்ப்பது பிள்ளையார் படத்தையும் தங்க நிறத்தையும்தான். அடுத்து எத்தனை அட்டை, என்ன விலை என்ற பேச்சு. தாள் எது என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தாலும் ‘கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. புத்தக அட்டை, சான்றிதழ், நாட்காட்டி, நகைப்பெட்டி என ஃபாயில் ஏறும் மற்றப் பொருள்களிலும் இதே கதைதான். ஆனால் பொன்னெழுத்து உதிர்வது, எழுத்தின் கண் அடைத்துக்கொள்வது, பட்டையாக அடித்த இடத்தில் கொப்புளம் எழுவது, பளபளப்பு மங்குவது ஆகிய குறைகளில் பெரும்பகுதி தாளின் மேற்பரப்பில்தான் தொடங்குகிறது. ஃபாயில் சுருளை மாற்றி, சூட்டைக் கூட்டி, அழுத்தத்தை ஏற்றிப் பார்த்தும் தீராத சிக்கல், தாளை மாற்றியதும் தீர்ந்துவிடுவதை அச்சகங்களில் காணலாம். தாளை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் பொருந்தும் ஃபாயிலையும் அதை அழுத்தும் உலோக பிளாக்கையும் எழுத்தளவையும் தேடுவதே சரியான வரிசை என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

தமிழில் இதைப் பேச சிவகாசியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய பின், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. அந்தத் தேவையோடு சேர்ந்து அச்சுத்தொழிலும் அங்கே வளர்ந்தது. இன்று ஆடிப்பெருக்கன்று புது ஆண்டு நாட்காட்டிகளின் ஆல்பம் வெளியாகும்போது, அதன் பக்கங்களில் முருகனின் வேலும் மகாலட்சுமியின் நகைகளும் ஃபாயிலில் மின்னுகின்றன. ஊர் தோறும் சிறு அச்சகங்களில் விற்கும் வெற்று அழைப்பிதழ் அட்டைகளில் பெரும்பகுதி, ஃபாயிலும் எம்பாசிங்கும் முடிந்த நிலையில் வந்து சேர்கிறது. மணமக்கள் பெயரை உள்ளூர் அச்சகம் பிறகு ஏற்றுகிறது. தாள் பற்றிய கேள்வி இந்த இரண்டு கட்டங்களிலும் வருகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஃபாயில் என்பது என்ன?

பழைய நூற்கட்டாளர்கள் தோல் அட்டையில் முட்டை வெண்கருவைப் பூசி, அதன்மேல் அடித்து மெலிவித்த தங்க இலையை வைத்து, சூடேற்றிய பித்தளைக் கருவியால் அழுத்தினார்கள். இஸ்லாமிய உலகின் நூற்கட்டுக் கலையிலிருந்து இந்த முறை 15ஆம் நூற்றாண்டில் இத்தாலிக்குச் சென்று ஐரோப்பா முழுதும் பரவியது. சூடு, அழுத்தம், பசை என்ற அந்த மூன்றும்தான் இன்றும் வேலை செய்கின்றன. மாறியது உலோகம்.

இன்றைய ‘கோல்டு ஃபாயில்’ சுருளில் தங்கம் இல்லை. சுமார் 12 மைக்ரான் தடிமனுள்ள பாலியஸ்டர் படலம் ஒன்று சுமக்கும் தாளாக இருக்கிறது. அதன்மேல் சூட்டில் இளகிப் பிரியும் மெழுகுப் படை. அதன்மேல் நிறமுள்ள அரக்குப் படை. அதன்மேல் வெற்றிட அறையில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். கடைசியாகத் தாளைத் தொடப்போகும் பசைப் படை. அரக்கில் மஞ்சள் இருந்தால் தங்கம், நிறமில்லாவிட்டால் வெள்ளி, சிவப்புச் சாயை சேர்ந்தால் ரோஸ் கோல்டு. அலுமினியப் படை ஒரு மைக்ரானில் நூறில் சில பங்குதான். பாலியஸ்டர் உரிந்து போனபின் தாளில் தங்குவது, அரக்கும் அலுமினியமும் பசையும் சேர்ந்து, சில மைக்ரான் மட்டுமே.

இந்தச் ‘சில மைக்ரான்’ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பளபளப்பான ஆர்ட் பேப்பரின் மேடுபள்ளம் ஏறக்குறைய ஒரு மைக்ரான். மேப்லித்தோ போன்ற பூச்சில்லாத தாளில் அது ஐந்து, ஆறு மைக்ரான் வரை போகும். கைக்காகிதத்திலும் டெக்சர் தாளிலும் கண்ணுக்கே தெரியும் அளவு. அதாவது, தாளின் மேடுபள்ளத்தைவிட மெல்லிய ஒரு படலத்தை அதன்மேல் ஒட்டவைக்கப் பார்க்கிறோம். படலம் பள்ளத்தை நிரப்பாது. பள்ளத்தில் இறங்கி வளையும், இல்லையென்றால் எட்டாமல் மேட்டில் மட்டும் ஒட்டும். கண்ணாடிபோல் மின்னும் தங்கம் வேண்டுமானால் அந்தக் கண்ணாடித்தனம் தாளிலிருந்து வர வேண்டும், அல்லது அழுத்தத்தால் அந்த இடத்தின் நாரை நசுக்கிச் சமப்படுத்த வேண்டும். சூடான பிளாக்கைக் கொண்டு அடிக்கும் முறைக்கு இருக்கும் பெரும் வலிமை இதுதான்: அது படலத்தை ஒட்டும் அதே நொடியில் தாளையும் இஸ்திரி போடுகிறது.

பூச்சுள்ள தாளும் பூச்சில்லாத தாளும்

ஆர்ட் பேப்பர், ஆர்ட் கார்டு இரண்டும் சீனக் களிமண், கால்சியம் கார்பனேட் போன்றவற்றைப் பசையோடு கலந்து பூசியவை. மேற்பரப்பு சமமாக இருப்பதால் குறைந்த அழுத்தத்திலேயே ஃபாயில் முழுதாக ஏறும். மயிரிழைக் கோடுகூட உடையாது. நான்கு வண்ணப் படத்தோடு ஃபாயில் சேரும் நாட்காட்டிக்கு இதைவிட நல்ல தளம் கிடையாது. ஆனால் பளபளப்பு மிகுந்த பூச்சு காற்றை உள்ளே விடாது. பெரிய பட்டையாக, உள்ளங்கை அளவுக்குத் தங்கம் அடிக்கும்போது பிளாக்குக்கும் தாளுக்கும் இடையே சிக்கும் காற்றும், சூட்டில் படைகளிலிருந்து எழும் ஆவியும் வெளியேற வழியின்றிக் கொப்புளமாகின்றன. ஆகவே பட்டை வேலைக்குப் பளபளப்பான ஆர்ட் கார்டைவிட மேட் ஆர்ட் கார்டு நல்லது. பலரும் இதை ஏற்கத் தயங்குவார்கள். பளபளப்புக்குப் பளபளப்பு சேர்ந்தால் இன்னும் மின்னும் என்பது எண்ணம். நடப்பது நேர்மாறு. மங்கிய தளத்தின் நடுவில்தான் தங்கம் தனித்துத் தெரியும்.

பூச்சில்லாத தாளில் நார் வெளிப்படையாக இருப்பதால் பசை உள்ளே பிடித்துக்கொள்கிறது. ஒட்டும் உறுதியில் இதற்கு ஈடில்லை. விரலால் தேய்த்தாலும், உறையிலிருந்து பல முறை எடுத்து வைத்தாலும் ஃபாயில் பெயராது. ஆனால் அழுத்தம் கூடுதலாக வேண்டும், சூடு சற்று நீடிக்க வேண்டும், பசை கனமாக உள்ள ஃபாயில் வேண்டும். தாள் மெல்லியதாக இருந்தால் அந்த அழுத்தம் பின்பக்கம் தழும்பாகத் தெரியும். எனவே பூச்சில்லாத தாளில் ஃபாயில் அடிக்க விரும்புகிறவர்கள் 250 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடைக் கணக்கு) கீழே இறங்காமல் இருப்பது நல்லது. 100 ஜி.எஸ்.எம். லெட்டர்ஹெட்டில் சிறு முத்திரை அடிக்கலாம். பட்டை அடித்தால் பின்பக்கம் எழுதுவதற்கு உதவாது.

அழைப்பிதழுக்குப் பூச்சில்லாத தாளைப் பரிந்துரைக்க இன்னொரு காரணம் உண்டு. நம் வீடுகளில் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அட்டையில் குழைத்த மஞ்சள் பிடிக்காது; காய்ந்ததும் பொடியாக உதிர்ந்து உறையெல்லாம் சிந்தும். நார்த் தாள் மஞ்சளை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சடங்குக்கும் பொருந்தி ஃபாயிலுக்கும் பொருந்தும் தாள் இருக்கும்போது வேறு எதற்கு? மூலை வேலைப்பாட்டை மட்டும் ஓரத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மஞ்சள் தடவும் இடமும் தங்கம் இருக்கும் இடமும் மோதிக்கொள்ளாது.

கைக்காகிதம் தனி உலகம். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பிரிவு 1959 முதல் இயங்குகிறது. ஜெய்ப்பூர் அருகே சாங்கனேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம், தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பருத்தித் துணிக்கழிவிலிருந்து செய்த தாளில் நார் நீளம்; அழுத்தத்தைத் தாங்கும், ஆழமாகப் பதிய விடும். குறை என்னவென்றால், ஒரே தாளுக்குள் தடிமன் ஏறி இறங்கும். இடப்பக்கம் நன்றாக ஏறிய தங்கம் வலப்பக்கம் புள்ளி புள்ளியாக விடுபடும். பூவிதழும் வைக்கோலும் பதித்த கைக்காகிதத்தில் இது இன்னும் மோசம். அதில் சிறு எழுத்தை அடிக்கவே கூடாது. ஒரு சின்னம், ஒரு பெயர், தடித்த கோடு ஆகியவற்றோடு நிறுத்தினால் கைக்காகிதத்தின் அழகு நூறு மடங்காகத் தெரியும். உருளையில் அழுத்தி வழவழப்பாக்கிய கைக்காகிதம் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

மைக்கா கலந்த மெட்டாலிக் தாள்கள் இப்போது அழைப்பிதழ்ச் சந்தையில் நிறைய வருகின்றன. அவற்றில் ஃபாயில் ஒழுங்காகவே ஏறும். ஆனால் தந்த நிறத்தில் மின்னும் தாளின்மேல் வெளிர் தங்கம் அடித்தால் விளக்கொளியில் எழுத்து காணாமல் போகிறது. மின்னும் தாள் வேண்டுமென்றால் ஆழ்ந்த நிறம் எடுங்கள்: அரக்குச் சிவப்பு, மயில் நீலம், கரும்பச்சை. கிராஃப்ட் தாளில் பொன்னைவிடச் செம்பு நிறமும் வெள்ளையும் எடுப்பாக இருக்கும். உலோகம் இல்லாமல் நிறப்பொடி மட்டுமுள்ள வெள்ளை ஃபாயிலும் கிடைக்கிறது. கரிய தாளில் வெள்ளை மையால் வராத அடர்த்தி அதில் வரும்.

கரிய தாள் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளை ஆர்ட் கார்டில் கறுப்பு மையைப் பட்டையாக ஓட்டி அதன்மேல் தங்கம் அடிப்பது செலவு குறைந்த வழி. கூழிலேயே சாயம் கலந்து செய்த கரிய அட்டை விலை கூடுதல். இரண்டும் மேசையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் முதல் வழியில் ஃபாயில் ஒட்டுவது தாளில் இல்லை, மையின் மேல். ஓரம் வெட்டும்போதும் மடிக்கும்போதும் வெள்ளை பல்லிளிக்கும். நூறு, இருநூறு அட்டை என்றால் சாயம் கலந்த அட்டைக்கே பணம் செலவிடுவது தகும்.

மை, வார்னிஷ், லேமினேஷன்

அச்சான தாளின்மேல் ஃபாயில் ஏறும்போது ஃபாயில் எதிர்கொள்ளும் பரப்பு தாளில்லை, கடைசியாகப் பூசியது எதுவோ அது. ஆஃப்செட் மைகளில் தேய்மானத்தைத் தடுக்க மெழுகு சேர்ப்பதுண்டு. அந்த மெழுகு மேலெழுந்து நின்றால் பசை பிடிக்காது. வார்னிஷில் சிலிக்கோன் இருந்தாலும் அப்படியே. மை முழுதாக உலர ஒரு நாள், இரண்டு நாள் விட வேண்டும். அடர்ந்த பட்டை என்றால் மூன்று நாள்கூட. முகூர்த்த நாள் நெருங்கும்போது இந்தக் காத்திருப்பைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அச்சாகி மறுநாள் காலையே ஃபாயில் அடித்த அட்டைகளில் தங்கத்தோடு மையும் சேர்ந்து பெயர்வது அதனால்தான். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடரும் மேற்பரப்பில் மணலாக நின்று தங்கத்தில் ஊசித்துளை போடும். துடைத்துவிட்டே அடிக்க வேண்டும். மெட்டாலிக் மையின்மேல் ஃபாயில் வைப்பதை அறவே தவிர்த்துவிடலாம். அந்த மையின் உலோகத்தூள் தாளோடு உறுதியாகப் பிடிப்பதில்லை; மேலே ஏறியதும் அதோடு உதிரும்.

லேமினேஷன் செய்த அட்டையில் ஃபாயில் நன்றாகவே ஏறும், படலத்தின் மேற்பரப்பு அதற்கென்று பதப்படுத்தப்பட்டிருந்தால். அச்சகங்கள் இதைப் பரப்பு இழுவிசையால் அளக்கின்றன: 38 டைனுக்குக் குறைந்தால் பசை பரவாது. அதைச் சோதிக்கும் பேனா உண்டு; கோடு இழுத்தால் மை பரவி நிற்க வேண்டும், துளித்துளியாகச் சுருங்கினால் படலம் உதவாது. பதப்படுத்திய தன்மை நாளாக நாளாகக் குறையும் என்பதால் பழைய சுருளில் செய்த லேமினேஷன் ஏமாற்றும். மேட் லேமினேஷன், வெல்வெட் லேமினேஷன் இரண்டும் பளபளப்பான லேமினேஷனைவிட ஃபாயிலுக்குத் தோதானவை. சூடு மிகுந்தால் படலம் சுருங்கி ஓரத்தில் சுருக்கம் விழும். ஆகவே இளஞ்சூட்டில் பிரியும் ஃபாயில் கேட்டு வாங்க வேண்டும். தாளுக்குப் பொதுவாக 100 முதல் 140 டிகிரி செல்சியஸ் வரை வைக்கிறார்கள். படலத்துக்கு அதன் கீழ்ப்பகுதியே போதும்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். வெற்று அட்டையில் ஃபாயில் முடிந்து வந்தபின் உள்ளூர் அச்சகம் பெயர் ஏற்றும்போது, எழுத்து ஃபாயிலின் மேல் விழுந்தால் மை உறிஞ்ச இடமின்றி ஈரமாகவே நிற்கும். அடுத்த அட்டையின் முதுகில் ஒட்டும். இப்போது பல கடைகளில் லேசர் அச்சு இயந்திரத்தில் அட்டையை விடுகிறார்கள். டோனரை உருக்கும் உருளையின் சூடு ஃபாயிலின் சூட்டுக்கு மேலே போகும். தங்கம் உருளையில் ஒட்டிக்கொண்டு அட்டையும் கெடும், இயந்திரமும் கெடும். சான்றிதழும் லெட்டர்ஹெட்டும் அடிக்கும் கல்லூரிகளுக்கு இது முக்கியமான செய்தி. முத்திரையும் கரையும் ஃபாயிலில் முன்பே அடித்து அடுக்கி வைத்துவிட்டு, மாணவர் பெயரைப் பிறகு லேசரில் ஏற்றுவதுதான் அவர்கள் வழக்கம். லேசர் சூட்டைத் தாங்கும் தனி வகை ஃபாயில் இருக்கிறது; அதையே கேட்க வேண்டும், தாளும் லேசருக்கு ஏற்ற பூச்சில்லாத தாளாக இருக்க வேண்டும்.

எழுத்தின் கண்ணும் புள்ளியும்

ஃபாயில் வேலைபற்றி வரும் ஆங்கிலக் கையேடுகளில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை. ரோமன் எழுத்தில் சுழி சில. தமிழில் எழுத்துக்கு எழுத்து சுழி. ‘ண’, ‘ஞ’, ‘ணை’, ‘கூ’, ‘ஸ்ரீ’ ஆகியவற்றில் மூடிய கண்ணும் ஒடுங்கிய சந்தும் அடுத்தடுத்து வருகின்றன. ஃபாயில் படலம் எழுத்தின் விளிம்பில் சுத்தமாக அறுபட வேண்டும்; அறுபடாவிட்டால் சுழிக்குள் பாலம்போல் தங்கி, கண் அடைத்த எழுத்தாகிவிடும். இன்னொரு பக்கம் புள்ளி. ‘க்’ என்பதன் புள்ளி ஏறாமல் போனால் அங்கே இருப்பது ‘க’. ரோமன் ‘ஐ’யின் மேற்புள்ளி விடுபட்டாலும் படித்துவிடலாம், தமிழில் மணமகன் பெயரே மாறும்.

இங்கேதான் தாளும் ஃபாயிலும் சேர்ந்து முடிவாக வேண்டும். எளிதில் பிரியும் ஃபாயில் பெரிய பட்டைக்கு நல்லது, சிறு எழுத்தில் கண்ணை அடைக்கும். இறுகப் பிடித்து விளிம்பில் கூர்மையாக அறுபடும் ஃபாயில் சிறு எழுத்துக்கு நல்லது, சொரசொரத் தாளில் புள்ளியை விட்டுவிடும். வழவழப்பான தாளில் இறுகப் பிடிக்கும் ஃபாயில் கண்ணையும் காக்கும், புள்ளியையும் காக்கும். சொரசொரத் தாளில் இரண்டையும் ஒருசேரக் காக்க எந்த ஃபாயிலாலும் முடியாது. எழுத்தைப் பெரிதாக்குவதே வழி. என் மதிப்பீட்டில், மேட் ஆர்ட் கார்டில் 10 புள்ளிக்குக் குறைந்த தமிழ் எழுத்தும், டெக்சர் தாளில் 14 புள்ளிக்குக் குறைந்த தமிழ் எழுத்தும் ஃபாயிலுக்குப் போகக் கூடாது. கோட்டின் தடிமன் 0.3 மி.மீ.க்குக் குறையாமலும், இரு கோடுகளுக்கு இடைவெளி அதைவிடச் சற்று அதிகமாகவும் இருக்க வேண்டும். மெல்லிய எழுத்துருவை எடுத்து, முகவரி, வழித்தடம், கைபேசி எண் வரை எல்லாவற்றையும் தங்கத்தில் கேட்பது வழக்கமாகி வருகிறது. பெயரும் தலைப்பும் தங்கத்தில், விவரமெல்லாம் மையில் என்று பிரித்தால் முதியவர்களும் சிரமமின்றிப் படிப்பார்கள்.

பிளாக் எந்த உலோகம் என்பதையும் தாளே தீர்மானிக்கிறது. துத்தநாகமும் மெக்னீசியமும் அமிலத்தில் அரித்துச் செய்பவை. விலை குறைவு, சில ஆயிரம் அட்டைக்குத் தாங்கும். சொரசொரத் தாளும் கனத்த அட்டையும் பிளாக்கை வேகமாகத் தேய்க்கும். அவற்றில் எண்ணிக்கை கூடினால் செம்புக்கோ பித்தளைக்கோ போக வேண்டும். ஃபாயிலோடு எம்பாசிங்கும் ஒரே அடியில் வேண்டுமென்றால் பித்தளைதான். தாளும் நீண்ட நாரும் கனமும் உள்ளதாக இருக்க வேண்டும், இல்லையேல் மேட்டின் விளிம்பில் பூச்சு வெடிக்கும்.

பிளாக் இல்லாத வழிகள்

பிளாக் இல்லாமல் ஃபாயில் ஏற்றும் இரண்டு முறைகள் இப்போது பரவியிருக்கின்றன. ஒன்று கோல்டு ஃபாயில் எனப்படும் குளிர்முறை (பொன்னிற ஃபாயிலும் அதே ஒலியில் வருவதால் ஆர்டர் கொடுக்கும்போது தெளிவாகச் சொல்லிவிடுங்கள்). ஆஃப்செட் அல்லது லேபிள் இயந்திரத்திலேயே பசையை அச்சிட்டு, ஃபாயிலை அதில் ஒற்றி, மேலே நான்கு வண்ணமும் ஓட்டிவிடுவார்கள். வெள்ளி ஒன்றை வைத்தே பல உலோக நிறங்கள் கிடைக்கும். ஆனால் இங்கே இஸ்திரி போடும் அழுத்தம் கிடையாது. தாளின் மேடுபள்ளம் அப்படியே தெரியும். பூச்சில்லாத தாளில் பசை உறிஞ்சப்பட்டுத் தங்கம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். லேபிளுக்கும் மருந்து, அழகுப்பொருள் பெட்டிகளுக்கும் பூச்சுள்ள அட்டையில் மிகப் பொருத்தமான முறை. அழைப்பிதழின் நார்த் தாளுக்கு ஆகாது.

மற்றது டோனர் ஃபாயில். லேசரில் கறுப்பாக அச்சிட்டு, தனி ஃபாயிலை மேலே வைத்து லேமினேட்டருக்குள் விட்டால் டோனர் இருக்கும் இடமெல்லாம் தங்கமாகும். பிளாக் செலவில்லை என்பதால் ஐம்பது அட்டைக்கும் கட்டும். ஒவ்வொரு விருந்தினர் பெயரையும் தனித்தனியே தங்கத்தில் அடிக்கலாம். இங்க்ஜெட் அச்சில் இது நடக்காது, உருகிப் பிடிக்க அங்கே டோனர் இல்லை. வழவழப்பான, லேசருக்கேற்ற அட்டையோ மேட் லேமினேஷன் செய்த அட்டையோ வேண்டும். டெக்சர் தாளில் பள்ளத்துக்குள் டோனரே இறங்காததால் தங்கமும் இறங்காது. பதிவின் ஆழம் இதில் வராது; விரலால் தடவினால் வித்தியாசம் தெரியும். அதைப் பெரிதாக எண்ணாதவர்களுக்குச் சிறு எண்ணிக்கையில் இது நியாயமான தேர்வு.

தாளல்லாத தளங்கள்

டைரி அட்டையின் ரெக்ஸின், ஆய்வேட்டின் நூற்கட்டு, நூலகப் பதிப்பின் காலிகோ துணி, நகைப்பெட்டியின் வெல்வெட் எல்லாம் இதே தொழிலில் அடங்கும். பி.வி.சி. ரெக்ஸினை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மேலேறி வரும். தொடக்கத்தில் நன்றாக ஒட்டிய தங்கம் சில மாதங்களில் உதிர்வதற்கு அது காரணமாகலாம். பி.யூ. வகையில் அந்தத் தொல்லை குறைவு. ஆண்டுகள் பல நிற்க வேண்டிய ஆய்வேட்டுக்கு அதையே கேளுங்கள். காலிகோவில் நெசவின் மேடுபள்ளம் எழுத்தை அரிக்கும். கஞ்சி நன்றாக ஏறிய, நெருங்கிய நெசவுள்ள துணியில் மட்டும் சிறு எழுத்து வரும். தோலில் சூட்டைக் குறைக்க வேண்டும், ஈரமும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு தளத்துக்கும் பசை வேறு. தாளுக்கு வாங்கிய சுருளைப் பிளாஸ்டிக்கில் ஓட்டுவது வீண் முயற்சி.

உறைகளைப் பற்றியும் ஒரு சொல். ஒட்டி முடித்த உறையில் ஃபாயில் அடித்தால், உள்ளே தாள் இரண்டாக, மூன்றாக அடுக்கிய இடத்தில் அழுத்தம் கூடி, ஒற்றைத் தாள் இடத்தில் குறைந்து, தங்கம் பாதி ஏறி நிற்கும். தட்டையாக இருக்கும்போதே அடித்துவிட்டுப் பிறகு உறையாக மடிப்பதே முறை. மடிப்புக் கோட்டின் குறுக்கே ஃபாயில் போகவும் கூடாது. அரக்குப் படை வளையாது, வெடிக்கும். மடிப்பு நாரின் ஓட்டத்தோடு போக வேண்டும். தாளை இரு திசையிலும் கிழித்துப் பார்த்தால் நேராகக் கிழியும் திசைதான் நாரின் திசை.

ஈரம் அடுத்தது. தாள் அறையின் ஈரப்பதத்தை உறிஞ்சும், விடும். ஐம்பது விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதம் அதற்கு உகந்தது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் கடலோர அச்சகத்தில் திறந்து கிடந்த அட்டைக்கும், வறண்ட சிவகாசியில் கட்டுப் பிரிக்காமல் இருந்த அட்டைக்கும் ஒரே சூடு பொருந்தாது. ஈரமான தாள் சூடுபட்டதும் ஆவி விட்டு ஃபாயிலைத் தூக்கும். கட்டைப் பிரித்து அதே அறையில் ஓர் இரவு வைத்துவிட்டு அடிப்பது பழைய பழக்கம். அதை விடாமல் இருப்பது நல்லது.

செலவுக் கணக்கு

சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும் சுருள் 64 செ.மீ. அகலம், 120 மீட்டர் நீளம். எழுத்து எவ்வளவு என்பதைப் பொறுத்து ஃபாயில் செலவாவதில்லை. இயந்திரம் ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு இழுக்கிறது என்பதைப் பொறுத்தே செலவாகிறது. 4 செ.மீ. அகலமும் 6 செ.மீ. உயரமும் உள்ள ஒரு சின்னத்துக்கு 4.5 செ.மீ. பட்டையாக வெட்டினால் ஒரு சுருளில் 14 பட்டை. ஒவ்வோர் அடிக்கும் 6.3 செ.மீ. இழுத்தால் சுருளுக்கு 26,000 அடிக்கு மேல் வரும். அதே பட்டையின் போக்கில் சின்னத்தை மேலேயும் ஒரு சிறு கோட்டைக் கீழேயும் வைத்து, இடைவெளியோடு சேர்த்து ஒவ்வொரு முறையும் 18.3 செ.மீ. இழுத்தால் 9,000 சொச்சம்தான். வடிவமைப்பவர் பொன்னை ஓரிடத்தில் திரட்டி வைத்தால் மிச்சமாகும் தொகையை நல்ல தாளுக்குப் போடலாம். விலை குறைக்க வேண்டுமென்றால் தாளில் கைவைப்பதுதான் பொதுவழக்கம். அதை நான் எதிர்க்கிறேன். ஃபாயிலின் பரப்பைக் குறையுங்கள், தாளின் தரத்தைக் குறைக்காதீர்கள்.

சூழல் நோக்கிலும் இந்தக் கணக்கு பொருந்தும். தாளில் தங்கும் உலோகம் மிக மெல்லியது. கூழாக்கும் தொட்டியில் அது பெரிய இடையூறில்லை. கரூர் அருகே புகழூரில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யும் டி.என்.பி.எல். மணப்பாறையை அடுத்த மொண்டிப்பட்டியில் 2016 முதல் பூச்சுள்ள அட்டையும் செய்கிறது. அத்தகைய அட்டையில் அளவோடு ஃபாயில் அடித்தால் அது மீண்டும் கூழாகும். முழு அட்டையிலும் உலோகப் பிளாஸ்டிக் படலம் ஒட்டியதை அப்படிப் பிரிக்க முடியாது. பளபளப்பு வேண்டும் என்பதற்காக அட்டை முழுவதையும் மெட்டாலிக் படலத்தால் மூடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இனித் தேர்வு. வண்ணப் படத்தோடு வரும் நாட்காட்டிக்கு ஆர்ட் பேப்பர், பட்டை அதிகமானால் மேட். புத்தக அட்டைக்கு மேட் லேமினேஷன் செய்த 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு. சான்றிதழுக்குக் கனத்த பூச்சில்லாத தாளும் லேசர் தாங்கும் ஃபாயிலும். அழைப்பிதழுக்கு 250 முதல் 300 ஜி.எஸ்.எம். வரையுள்ள, வழவழப்பான, பூச்சில்லாத அட்டை. கைக்காகிதத்தில் பெயர் மட்டும்.

ஆர்டர் கொடுக்கும் முன், நீங்கள் தேர்ந்த அதே தாளில், அதே ஃபாயிலில், உங்கள் எழுத்தையே ஓர் அட்டை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஆல்பத்தில் உள்ள மாதிரி வேறு தாளில் அடித்ததாக இருக்கலாம். ஒரு நாள் கழித்து அதில் செலோடேப்பை அழுத்தி ஒட்டி மெதுவாக உரியுங்கள், கட்டைவிரலால் தேயுங்கள், மடித்துப் பாருங்கள், புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். தங்கம் டேப்போடு வந்தால் அந்தத் தாளை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல அச்சகம் எதுவும் அதற்குக் கோபித்துக்கொள்ளாது.